படிவத்தில் புகையாகிப் போன பனி

சட்டத்தரணியான எனக்கு இந்த வாரம் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஒன்று நான்கு பக்கம். எழுதியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வான் உரிமையாளர், வயது 46. பெயர், ஊர், வாகன இலக்கம் எல்லாவற்றையும் நீக்கி, நடந்ததை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

தை மாதத்தில் ஒரு விடியற்காலை. திருக்கேதீச்சரத்துக்குப் போவதற்காக 9 பேரை ஏற்றிக்கொண்டு, நாவற்குழியில் திரும்பி, மன்னாருக்குப் போகும் ஏ32 வீதியில் ஓடியிருக்கிறார். கேரதீவும் சங்குப்பிட்டிப் பாலமும் கடந்து பூநகரிப் பக்கம் சிறிது தூரம் போனதும், 5.45 மணியளவில், வீதியோரம் நெல் மூட்டைகளோடு நின்ற உழவு இயந்திரப் பெட்டியின் பின்மூலையில் வானின் இடது முன்பக்கம் மோதிவிட்டது. முன்னிருக்கையில் இருந்த அம்மா ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. பெட்டியின் பின்னால் விளக்கும் இல்லை, வெளிச்சம் பட்டால் மினுங்கும் தகடும் இல்லை என்கிறார்.

அன்று பகலே பொலிஸ் நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் கொடுத்துவிட்டார்: “பனி மூடிக் கிடந்தது, கண்ணாடியும் வேர்த்துப் போச்சு, கிட்டப் போகுமட்டும் பெட்டி நிண்டது தெரியேல்லை.” சிக்கல் அதற்குப் பிறகுதான். காப்புறுதி நிறுவனத்தின் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் மருமகன் நிரப்ப உட்கார்ந்தான். கைபேசியில் ‘பனி’ என்று தட்டினான். ‘ஸ்னோ’ என்று வந்தது. பூநகரியில் ஸ்னோவா என்று மாமனும் மருமகனும் சிரித்திருக்கிறார்கள். பிறகு ‘பனிப்புகார்’ என்பதில் புகை இருக்கிறதுதானே என்று யோசித்து, இப்படி எழுதினார்கள்: “ரோட் வாஸ் ஃபுல் ஒஃப் ஸ்மோக். ஃப்ரொன்ட் கிளாஸ் வாஸ் ஸ்மோக்ட். மை விஷன் வாஸ் பிளர்ட்.” கீழே வாசகர் ஒப்பமிட்டார்.

மூன்று வாரம் கழித்து நிறுவனத்திடமிருந்து கடிதம். மூன்று கேள்விகள். தீ எங்கே எரிந்தது, மூட்டியது யார்? முன்கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தீர்களா? உங்கள் கண்பார்வை பற்றிய வைத்திய அறிக்கை உண்டா? பதில் வரும்வரை கோரிக்கை நிறுத்தி வைக்கப்படுகிறது.

வாசகர் என்னிடம் கேட்பது இவை: பழைய படிவத்தைத் திருப்பி எடுத்து ‘ஹெவி ஃபொக்’ (கடும் பனிமூட்டம்) என்று புதிதாக எழுதிக் கொடுக்கலாமா? ‘ஃபொக் என்றால் இயற்கை, இயற்கைக்கு நட்டஈடு தந்தே ஆக வேண்டும்’ என்று நண்பர் சொல்வது சரியா? ஆங்கிலம் தெரியாததால்தானே இந்த நிலை, தமிழில் எழுதினால் ஏற்பார்களா? பொலிஸில் ‘குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டப்பணம் கட்டி முடியுங்கோ’ என்கிறார்கள், அப்படிச் செய்யலாமா?

தம்பி என்றே எழுதுகிறேன். உங்களைவிட நான் பத்து வயதுக்கு மேல் மூத்தவள்.

முதலில் ஒரு ஆறுதல். உங்கள் கோரிக்கையை அவர்கள் நிராகரிக்கவில்லை. விளக்கம்தான் கேட்டிருக்கிறார்கள். அந்த மூன்று கேள்விகளையும் நீங்கள் அவமானமாக எடுத்திருக்கிறீர்கள், “என்னைக் கள்ளனாக்கப் பார்க்கிறாங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று வரியையும் உங்களைத் தெரியாத ஒருவராக நானும் வாசித்தேன். நானும் அதே மூன்று கேள்வியைத்தான் கேட்டிருப்பேன்.

ஏனென்றால் ‘ஸ்மோக்’ என்றால் ஏதோ எரிந்து வரும் புகை. வீதி நிறையப் புகை என்றால் யாரோ வைக்கோலுக்கோ குப்பைக்கோ தீ வைத்திருக்கிறார்கள், அவரிடம் நட்டத்தை அறவிடலாமா என்று நிறுவனம் யோசிக்கத்தான் செய்யும். ‘ஸ்மோக்ட் கிளாஸ்’ என்றால் புகை படிந்த கண்ணாடி என்று மருமகன் நினைத்திருப்பான். ஆங்கிலத்தில் அது வேண்டுமென்றே கருமையாகச் செய்யப்பட்ட கண்ணாடி, பணக்கார வாகனங்களில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் இருக்குமே, அது. ‘பிளர்ட் விஷன்’ இன்னும் மோசம். அது வானிலையைப் பற்றிய பேச்சே இல்லை. கண்ணில் கோளாறு உள்ளவர் வைத்தியரிடம் சொல்லும் சொல். மூன்று வரியில் மூன்று தடவை உங்கள் கழுத்தில் நீங்களே கயிறு போட்டிருக்கிறீர்கள், ஒன்றும் தெரியாமல்.

மருமகனைத் திட்ட வேண்டாம். அவனுடைய குழப்பம் நம் மொழியிலிருந்தே வருகிறது. நமக்குப் பனி ஒன்றுதான். புல்லில் கிடப்பதும் பனி, காற்றில் மிதப்பதும் பனி, “தலையில பனி படப்போகுது, துவாயைப் போடு” என்று அம்மா சொல்வதும் பனி, சுவிஸில் இருக்கும் தம்பி படம் எடுத்து அனுப்புவதும் பனி. முன்பனி, பின்பனி என்று காலத்தைப் பிரித்தோமே தவிர, பொருளைப் பிரிக்கவில்லை. ஆங்கிலம் பொருளைப் பிரிக்கிறது: தண்ணீர் எங்கே இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்கிறது. ‘புகார்’ என்ற சொல்லிலும் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் புகார் என்றால் முறைப்பாடு. நீங்கள் அங்கே இருந்திருந்தால் புகாரைப் பற்றியே புகார் கொடுத்திருப்பீர்கள்.

காற்றில் இருப்பதற்கு என்ன சொல்

மருமகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

‘ஃபொக்’ என்பதும் ‘மிஸ்ட்’ என்பதும் ஒரே பொருள்தான், காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய நீர்த்துளிகள். வித்தியாசம் அடர்த்தியில். வானிலையாளர் கணக்கில் 1 கிலோமீற்றருக்கு உள்ளேயே பார்வை மறைந்தால் ஃபொக். 1 கிலோமீற்றரோ அதற்கு மேலோ தெரிந்தால் மிஸ்ட். மாரி மழை ஓய்ந்த பின், நிலம் ஈரமாக, வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவுகளில் தரை வேகமாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து துளியாகிறது. ஒரு பக்கம் கடல்நீரேரி, மறுபக்கம் ஈர வயல் என்று இருக்கும் இடத்தில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெயில் ஏறக் கலைந்துவிடும். “கொஞ்ச இடம் வெளிச்சமா இருக்கும், திடீரெண்டு ஒண்டும் தெரியாது, பிறகு திரும்பவும் வெளிக்கும்” என்று உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஆங்கிலத்தில் அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு சொல் இருக்கிறது: ‘பெச்சி ஃபொக்’. திட்டுத் திட்டாக நிற்கும் பனிமூட்டம். நீங்கள் கண்டது அதுதான்.

‘ஹேஸ்’ வேறு. அது காய்ந்தது, தூசும் நுண்புகையும் காற்றில் தங்கி நிற்பது. 2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்த நாட்களில், யாழ்ப்பாணம் மங்கிப்போய்க் கிடந்தது ஞாபகம் இருக்கும். காற்று மாசென்று 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகளை மூடினார்களே, அந்த நாட்கள். பார்த்தால் பனி போலத்தான் இருந்தது, நடுப்பகலிலும் கலையவில்லை. அது ஹேஸ். எது என்று பிரித்தறிய ஒரு எளிய வழி: வாகனத்தின் பொனெட்டில் விரலை இழுத்துப் பாருங்கள். விரல் நனைந்தால் மிஸ்ட் அல்லது ஃபொக். காய்ந்த தூசு ஒட்டினால் ஹேஸ்.

‘ஸ்மொக்’ என்று இன்னொன்று உண்டு, ‘ஸ்மோக்’ அல்ல. தமிழில் எழுதினால் கொம்பு மட்டும்தான் வித்தியாசம், சட்டத்தில் பெரிய வித்தியாசம். ஸ்மோக்கையும் ஃபொக்கையும் ஒட்டிச் செய்த சொல் அது. 1905 அளவில் லண்டனில் புழக்கத்துக்கு வந்தது. நிலக்கரிப் புகையும் பனிமூட்டமும் கலந்து 1952 டிசம்பரில் ஐந்து நாள் அந்த நகரத்தை மூடி, ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பூநகரி வயல்வெளிக்கு அந்தச் சொல்லும் பொருந்தாது.

கண்ணாடியில் இருப்பதற்கு என்ன சொல்

இதில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

கண்ணாடி ‘வேர்ப்பதை’ ஆங்கிலத்தில் ‘மிஸ்டட் அப்’ என்பார்கள். அமெரிக்கர் ‘ஃபொக்ட் அப்’ என்பார்கள். இரண்டும் ஒன்றே, இரண்டையும் இங்கே விளங்கிக்கொள்வார்கள். ஆனால் ஒரு பொறி இருக்கிறது: ‘ஃபொக்ட் அப்’ என்றால் வெளியே ஃபொக் இருந்தது என்று பொருள் இல்லை. வானம் பளிச்சென்று இருக்கும்போதும் கண்ணாடி வேர்க்கலாம். ஆகவே வானிலையையும் கண்ணாடியையும் இரண்டு தனி வசனமாக எழுத வேண்டும். ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக விளங்கும் என்று விடக்கூடாது.

அடுப்படியில் சோற்றுப் பானை மூடியைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகுமே, அது ‘ஸ்டீம்ட் அப்’. படிந்த நீருக்குப் பெயர் ‘கொன்டென்சேஷன்’. இரவு வெளியில் விட்ட வாகனத்தின் மேல் முத்து முத்தாகக் கிடப்பது ‘டியூ’. குளியலறை ஜன்னலுக்குப் போடும் சொரசொரத்த வெள்ளைக் கண்ணாடி ‘ஃப்ரொஸ்டட்’. அது செய்யும்போதே அப்படிச் செய்தது, துடைத்தால் போகாது. பழைய வாகனத்தின் முன்விளக்கு மஞ்சளாகி மங்கிப் போவது ‘கிளவுடி’. இந்தக் கடைசிச் சொல்லை அவதானமாகப் பாவியுங்கள். அது பனியின் குற்றம் அல்ல, பராமரிக்காத உரிமையாளரின் குற்றம். ஈரக் கண்ணாடியைத் துணியால் தேய்த்துக் கோடு கோடாக்குவது ‘ஸ்மியர்ட்’. ‘பிளர்ட்’ என்பது கண்ணுக்குத் தெரியும் காட்சிக்குச் சொல்வது, கண்ணாடிக்குச் சொல்வதில்லை.

சரி, உங்கள் கண்ணாடியில் ஈரம் உள்பக்கமா, வெளிப்பக்கமா? கடிதத்தில் எங்கேயும் நீங்கள் நேரே சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது, ஒரு வரி: “பக்கத்தில இருந்த அம்மா சேலைத் தலைப்பால கண்ணாடியைத் துடைச்சு விட்டுக்கொண்டிருந்தவ, அந்த நேரம்தான் அடிபட்டது.” அந்த வரியை நான் இரண்டு தடவை வாசித்தேன். வைப்பர் போட்டால் போகும் ஈரம் வெளியே உள்ளது. சேலைத் தலைப்பால் போகும் ஈரம் உள்ளே உள்ளது. சாரதியோடு பத்துப் பேர், கதவெல்லாம் பூட்டி, குளிருக்கு ஏ.சி. போடாமல், சுடச்சுடத் தேநீர்ப் போத்தலும் திறந்து. பத்துப் பேரின் மூச்சும் போய்ப் படிய வேறு இடம் எங்கே? வெளியே குளிர்ந்து கிடக்கும் கண்ணாடிதான்.

அந்த அம்மாவின் மணிக்கட்டு ஏன் முறிந்தது என்பதும் அதிலிருந்தே விளங்குகிறது. கை கண்ணாடியில் இருந்தபோது அடிபட்டிருக்கிறது.

இது ஏன் முக்கியம்? வெளியே நிற்கும் பனி உங்கள் கையில் இல்லை. உள்ளே படியும் ஈரம் உங்கள் கையில் இருக்கிறது: ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கியிருக்கலாம், ஏ.சி.யைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டிருக்கலாம் (ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடுக்கும், குளிருக்குச் சூட்டோடு சேர்த்தும் போடலாம்), ஒன்றும் சரிவராவிட்டால் ஓரமாக நிறுத்தித் துடைத்திருக்கலாம். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நீதிமன்றத்தில் இதைத்தான் கேட்பார். முன்னிருக்கைப் பயணி இருக்கைப்பட்டி போட்டிருந்தாரா, போட்டிருந்தால் எப்படி எட்டித் துடைத்தார் என்பதையும் சேர்த்துக் கேட்பார். நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. வரப்போகும் கேள்வியை என்னிடமிருந்து முதலில் கேட்பது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

‘ஹெவி ஃபொக்’ மந்திரச் சொல் அல்ல

உங்கள் நண்பர் சொன்னதில் இரண்டு பிழை இருக்கிறது. பனிமூட்டம் இயற்கைதான், ஆனால் நின்ற பெட்டியில் உங்கள் வானைக் கொண்டுபோய் மோதியது பனிமூட்டம் அல்ல. சுனாமி வந்து வாகனத்தை அள்ளிக்கொண்டு போவதும் இதுவும் ஒன்றல்ல. மற்றது, முழுமையான வாகனக் காப்புறுதி பொதுவாகச் சாரதியின் கவனக்குறைவையும் சேர்த்தே பொறுப்பேற்கும். அதற்காகத்தானே தவணைக் காசு கட்டுகிறோம். வானிலையின் மேல் பழி போட்டால்தான் காசு கிடைக்கும் என்ற எண்ணத்தை விடுங்கள்.

சொல்லப்போனால் பனியைக் கூட்டிச் சொல்வது உங்களுக்கே ஆபத்து. வேகம் 60 என்று பொலிஸில் சொல்லியிருக்கிறீர்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17 மீற்றர். பெட்டியைக் கண்டு, கால் பிறேக்குக்குப் போவதற்கு ஒரு வினாடி என்று வைத்தாலே 17 மீற்றர் போய்விடும், அதற்குப் பிறகுதான் வாகனம் நிற்கத் தொடங்கும். பிரித்தானிய வீதி நூலில் மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் நிற்க 36 மீற்றர் தேவை என்று போட்டிருக்கிறது, அதுவும் காய்ந்த வீதியில். இப்போது நீங்கள் ‘ஹெவி ஃபொக், 20 மீற்றர்கூடத் தெரியவில்லை’ என்று புதிதாக எழுதிக் கொடுத்தால், ‘20 மீற்றர் தெரியாத இடத்தில் 60இல் ஏன் ஓடினாய்?’ என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை. பனியை எவ்வளவு தடிப்பாக எழுதுகிறீர்களோ அவ்வளவுக்கு உங்கள் வேகம் குற்றமாகத் தெரியும். திட்டுத் திட்டாக நின்றது, அந்தத் திட்டுக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறைத்தேன், அதற்குள் விளக்கில்லாத பெட்டி வந்துவிட்டது என்பது உண்மையானால், அந்த உண்மையே உங்களுக்கு அதிகம் உதவும். வேகத்தைக் குறைக்கவில்லை என்றால் குறைத்ததாக எழுதாதீர்கள்.

பழைய படிவத்தைத் திருப்பி எடுக்கவும் முடியாது, எடுக்க முயலவும் கூடாது. ஒப்பமிட்டுக் கொடுத்தது அவர்கள் கோவையில் இருக்கிறது. காப்புறுதி என்பது இரு தரப்பும் ஒளிவுமறைவில்லாமல் நடக்க வேண்டிய ஒப்பந்தம். ஒரு சொல் பிழைத்தது மன்னிக்கப்படும், கதை மாறினால் மன்னிக்கப்படாது. செய்ய வேண்டியது, திருத்தக் கடிதம் ஒன்று கொடுப்பது. முன்னர் எழுதியது என்ன, அது ஏன் பிழைத்தது, உண்மையில் கண்டது என்ன என்று மூன்றையும் அதில் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. பொலிஸ் வாக்குமூலம் படிவத்துக்கு முந்தியது, விபத்து நடந்த அன்றே கொடுத்தது, உங்கள் சொந்த மொழியில் கொடுத்தது. அதில் பனி பனியாகவே இருக்கிறது. அதன் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்துக் கடிதத்தோடு இணைத்தால், ‘ஸ்மோக்’ மொழிபெயர்ப்புப் பிழைதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

தமிழில் எழுதும் உரிமை

இங்கே உங்கள் எண்ணம் பாதி சரி. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. ஆங்கிலம் இணைப்பு மொழி. 1988இல் வந்த 16ஆம் திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழை நிருவாக மொழியாகவும் நீதிமன்ற மொழியாகவும் வைத்திருக்கிறது. ஆகவே பொலிஸிலும் நீதிமன்றத்திலும் தமிழில் பேசுவதும் எழுதுவதும் நீங்கள் கேட்டு வாங்கும் சலுகை அல்ல, உரிமை. வாக்குமூலம் உங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்டால், அதை விளங்கும் மொழியில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், திருத்தம் சொல்லலாம், அதன் பிறகு ஒப்பமிடலாம். ‘போடுங்கோ ஐயா, நேரம் போகுது’ என்பதற்கெல்லாம் பேனையை எடுக்காதீர்கள்.

தனியார் காப்புறுதி நிறுவனத்தை அரச அலுவலகம் போல இந்த ஏற்பாடு நேரடியாகக் கட்டாது. ஆனால் தமிழில் கூற்று எழுதிக் கொடுக்கக்கூடாது என்று தடையும் இல்லை. நான் என் கட்சிக்காரருக்குச் சொல்வது இதுதான்: தமிழில் எழுதுங்கள், அதுவே மூலம். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுத்து இணையுங்கள். ‘இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் தமிழே என் கூற்று’ என்று ஒரு வரி போடுங்கள். நாளைக்கு ஒரு சொல் பிழைத்தாலும் அது மொழிபெயர்ப்பாளரின் பிழை, உங்கள் பிழை அல்ல. பெரிய கந்தோர்க்காரர் மதிக்கமாட்டார்கள் என்று பயந்து அரைகுறை ஆங்கிலத்தில் எழுதிக் கெட்டவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். காணி உறுதி விஷயத்தில்கூடப் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.

திருத்தக் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம். உண்மைக்கு ஒவ்வாத இடத்தை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்:

“அன்று வீதியில் புகை இருக்கவில்லை. தீ எதையும் நான் காணவில்லை. பனிமூட்டம் திட்டுத் திட்டாக இருந்தது. வாகனத்தின் முன்கண்ணாடி சாதாரண நிறமற்ற கண்ணாடி. கறுப்புத் தாள் ஒட்டப்படவில்லை. உள்ளே இருந்தவர்களின் மூச்சால் அதன் உள்பக்கத்தில் ஈரம் படிந்திருந்தது. என் கண்பார்வையில் கோளாறு இல்லை. தெளிவாகத் தெரியாதது வீதியே. ஆங்கிலப் படிவத்தை எனக்காக வேறொருவர் நிரப்பினார். அதிலுள்ள சொற்களின் பொருளை அறியாமல் ஒப்பமிட்டேன்.”

மொழிபெயர்ப்பாளருக்கு அடையாளமாக இரண்டு சொற்றொடரை எழுதிக் கொடுங்கள்: ‘பெச்சி ஃபொக்’, ‘மிஸ்டட் அப் ஒன் தி இன்சைட்’. மிச்சம் அவர் பார்த்துக்கொள்வார். அந்தத் திகதிக்குரிய வானிலைப் பதிவை வளிமண்டலவியல் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் இணைக்கலாம். அளவெடுக்கும் நிலையம் நீங்கள் அடிபட்ட இடத்தில் இல்லையே, அதனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத கேள்வி

பனியும் புகையும் ஒருபக்கம் இருக்க, எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் ஆறு சொற்கள்: “ஆளுக்கு ஒரு தொகை, பெற்றோல் காசு மட்டும்தான்.” வான் எந்த வகையில் காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறது? சொந்தப் பாவனைக்கா, வாடகைக்கா? அட்டவணைப் பக்கத்தில் ‘பாவனை வரையறை’ என்று ஒரு வரி இருக்கும். சொந்தப் பாவனை என்று போட்டிருந்து, ஆளுக்கு ஆள் காசு வாங்கி ஓடியிருந்தால், அது வாடகை ஓட்டம் என்று நிறுவனம் வாதிட இடமுண்டு. எந்தப் பனியும் அதை மூடாது. அந்த அம்மாவின் கைக்கான செலவையும் அது பாதிக்கும். பெற்றோல் காசைப் பகிர்ந்ததற்கும் வாடகைக்கு ஓடியதற்கும் எல்லை எங்கே என்பது வாதாடக்கூடிய விஷயம்தான். ஆனால் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அதுவரை அந்தப் பணத்தைப் பற்றி யாரிடமும் ‘சும்மா’ எழுதிக் கொடுக்காதீர்கள். கேட்டால் பொய்யும் சொல்லாதீர்கள். சட்டத்தரணியோடு வந்து விளக்கம் தருவதாகச் சொல்லுங்கள்.

குற்றத்தை ஒத்துக்கொள்ளும் விஷயமும் இதோடு சேர்ந்தது. சிறிய தண்டப்பணத்தோடு முடிந்துவிடும் என்று அவர்கள் சொல்வது நீதவான் நீதிமன்ற வழக்கு. அங்கே நீங்கள் கொடுக்கும் ஒப்புதல் அங்கேயே முடிந்துபோகாது. நாளைக்குப் பெட்டிக்காரரோ, காயப்பட்ட அம்மாவோ மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டால், ‘இவரே ஒத்துக்கொண்டவர்தானே’ என்று அதைக் காட்டலாம். இத்தகைய வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். விளக்கில்லாமல் இருட்டில் வீதியோரம் பெட்டியை விட்டவருக்கும் இதில் பங்கு உண்டு. நீங்கள் முழுக் குற்றத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டால் அந்தப் பங்கைப் பற்றிப் பேசவே முடியாமல் போய்விடும். வழக்குத் தவணைக்கு முன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கள்.

திருத்தக் கடிதத்துக்குப் பிறகும் நிறுவனம் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், காரணத்தோடு. அதன்பின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிப்பவர்) முறையிடலாம். அதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. நிறுவனத்தோடு பேசி முடியாமல் போனது என்பதைக் காட்டும் கடிதங்கள் கையில் இருக்க வேண்டும், ஆகவே இனிமேல் தொலைபேசியில் பேசுவதைக் குறைத்து, பதிவுத் தபாலைக் கூட்டுங்கள்.

கடிதம் எழுத உட்காருவதற்கு முன் ஒரே ஒரு வேலை. “இரண்டாவது மின்கம்பம் மட்டும் தெரிஞ்சது, அதுக்கங்கால ஒண்டுமில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபொக், மிஸ்ட் என்ற எந்தச் சொல்லையும்விட எனக்குப் பிடித்த வரி அது. அது அளக்கக்கூடியது. அதே இடத்துக்குப் போய், வான் நின்ற இடத்திலிருந்து அந்த இரண்டாவது கம்பம்வரை எத்தனை மீற்றர் என்று நாடா பிடித்து அளந்து, படமும் எடுத்து வாருங்கள். இலக்கம் உங்களுக்கு உதவுமா, உதவாதா என்பதைப் பார்த்துத்தான் கடிதத்தில் அதைச் சேர்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு போங்கள். மருமகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.